பிள்ளை நித்திரை கொண்டது, எனக்குத்தான் வரவில்லை

பிள்ளைப்பேற்றை ஒட்டி வரும் நித்திரையின்மை, மனச்சோர்வு பற்றி மூன்று வீடுகளின் கதை.

சுன்னாகத்திலிருந்து, ஒரு தாய்:

மூத்தவள் பிறந்து 19ஆம் நாள். துடக்குக் கழியவில்லை, அம்மா வீட்டுப் பின்னறையில் இருந்தேன். சரக்குக் கறி நேரத்துக்கு வந்தது. நொச்சி, பாவட்டை இலை அவித்த தண்ணீரில் குளிக்க வார்த்தார்கள். இவ்வளவு பார்க்கிறார்களே, இதற்குள் எனக்கு என்ன குறை என்று சொல்ல வாயே வரவில்லை.

பகல் முழுக்க அவள் நித்திரை. இரவு பத்து மணிக்குக் கண் முழித்தால் விடியும்வரை இரண்டு மணிக்கொரு தரம் வீரிட்டு அழுவாள். பால் காணாது என்றார் மாமி. பெரியம்மா நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். அந்தப் புகையில் இருமியது நான்தான்.

அப்போதுதான் மிட்வைஃப் அக்கா வீட்டுக்கு வந்தார். பிள்ளையின் தொப்புளைப் பார்த்தார், நிறுத்தார். அப்புறம் என்னிடம், “பிள்ளை படுக்கேக்கை நீங்களும் நித்திரை கொள்ளுறீங்களோ?” என்றார்.

“படுக்கிறனான் அக்கா. வராது.”

உண்மையில் அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு கிடப்பேன். அவர் அம்மாவைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டுக் கட்டிலில் இருந்தார். பிறந்த பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணித்தியாலம் படுக்கும், ஆனால் துண்டு துண்டாகத்தான். வயிறு சின்னன், பசிக்கும். இரவு பகல் பிடிபடவே இரண்டு மூன்று மாதமாகும். “அது பிள்ளையின்ரை இயல்பு. நீங்கள் முழிச்சுக் கிடக்கிறதுதான் எனக்கு யோசனை” என்றார்.

பிறகு ஒரு தாள் தந்தார். பத்துக் கேள்வி, கடந்த 7 நாளில் மனம் எப்படி இருந்தது என்று. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் உருவாகி 1987இல் வெளியான கேள்விகள் என்று பின்னர் அறிந்தேன். கடைசிக் கேள்வி, எனக்கு நானே தீங்கு செய்ய நினைத்தேனா என்பது. ‘ஒருபோதும் இல்லை’ என்பதில் பேனையை வைத்தேன், எடுத்தேன், பக்கத்துக் கட்டத்தில் போட்டேன். அவர் முகம் மாறவில்லை. அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாலாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டாம். இரண்டு கிழமைக்குள் அடங்கவேண்டுமாம். எனக்கு அடங்கவில்லை. தெல்லிப்பழை மனநல கிளினிக்குக்குக் கடிதம் தந்தபோது மாமி, “தெல்லிப்பழைக்கோ? ஆருக்கும் சொல்லாதேங்கோ” என்று குசுகுசுத்தார். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய குளிசை தந்தார்கள். அதோடு, இரவில் நாலைந்து மணித்தியாலமாவது ஒரே மூச்சாகப் படுக்கவேண்டும் என்றார்கள். என் கணவருக்குக் கொழும்பில் வேலை. ஆகவே பத்திலிருந்து இரண்டு மணிவரை எழுபது வயது அப்பாதான் பேத்தியைத் தோளில் போட்டு விறாந்தையில் நடந்தார். பிழிந்து வைத்த பாலை அம்மா கோப்பையால் பருக்கினார். குளிசை வேலை செய்ய மூன்று நாலு கிழமை எடுத்தது. அதுவரை என்னைத் தாங்கியது அந்த நாலு மணித்தியாலம்தான்.

பருத்தித்துறையிலிருந்து:

எங்கள் வீட்டில் சண்டையே சேலையில் கட்டும் ஏணைக்குத்தான். ஏணையில் போட்டால் படுப்பான், கட்டிலில் கிடத்தினால் எழும்புவான். இரவில் சமதளமான மெத்தையில், மல்லாக்க, தலையணை இல்லாமல் கிடத்தச் சொன்னார்கள் கிளினிக்கில். அம்மம்மா இன்னும் கோபம்.

கோண்டாவிலிலிருந்து, ஒரு தகப்பன்:

என் மனைவிக்கு இந்த மனச்சோர்வு வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்கியது. முந்தின பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்கவில்லை. அடுத்ததில் ஏழாம் மாதம், சாமம் இரண்டு மணிக்கு எழும்பிக் குசினியைக் கழுவிக்கொண்டிருப்பா. பிள்ளைத்தாச்சி அழக்கூடாது என்று எல்லோரும் சொன்னதால் அழுகையையும் ஒளித்தா. எனக்கும் யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. கடைசியில் 1926க்கு அடித்தேன். அதுதான் மனநல உதவி இலக்கம். முதலில் நான் கதைத்தேன், அப்புறம் போனை அவவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

மகனுக்கு இப்போது எட்டு மாதம். இன்னும் இரவில் இரண்டு தரம் எழும்புகிறான். முதல் தரம் என் முறை.