புதுப்பிப்பு: அம்மாவின் வறட்டு இருமலுக்குக் காரணம் பிரஷர் மாத்திரைதான்

மூன்று மாதமாக அம்மாவுக்கு வறட்டு இருமல், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. “பிரஷர் மாத்திரையின் பெயர் ‘ப்ரில்’ என்று முடிகிறதா பாருங்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் விடை.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: ராமிப்ரில் 5 மி.கி. இந்த வகை மாத்திரை தடுக்கும் நொதிதான் உடலில் பிராடிகைனின் என்ற வேதிப்பொருளையும் சிதைக்கிறது. அது சிதையாமல் சேர்வதால் இருமல் வருகிறதாம். நான்கு பாட்டில் சிரப் குடித்தும் கேட்காததில் ஆச்சரியமில்லை. எழுதிக் கொடுத்த டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

விஷயம் தெரிந்ததும் அம்மா, “இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்” என்று எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஒரு வாரத்தில் பிரஷர் 170/100. தயவுசெய்து யாரும் அப்படி நிறுத்தாதீர்கள். அப்புறம் வேறொரு டாக்டர் டெல்மிசார்டன் 40 மி.கி.க்கு மாற்றினார். இந்த வகையில் இருமல் மிகக் குறைவு.

எதிர்பாராதது ஒன்று: மாற்றிய உடனே இருமல் நிற்கவில்லை. பத்து நாள் ஆகியும் குறையாததால் அம்மா மறுபடி நம்பிக்கை இழந்தார். பொதுவாக ஒன்று முதல் நான்கு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகுமாம். அம்மாவுக்கு மூன்றாவது வாரம் நின்றது. இப்போது பிரஷர் 130/80. இரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பரிசோதனையும் சரியாக இருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இரவைக் கழித்தவர், நேற்று விடியும்வரை படுத்துத் தூங்கினார்.