ஏழு சுத்துக் கோட்டை நடந்தவர்கள் இங்கே எழுதுங்கள்

அவிநாசிப் பேத்தி:
தர்மபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர்க் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: மதில் கோட்டை இல்லை, தரையில் கல் வரிசைகளை வைத்து, நடுவுக்குப் போக ஏழு சுற்றாகப் போட்ட வழி. வேண்டுதல் அமுச்சியுடையது (அம்மாவின் அம்மா), நான் துணை. கல்லைத் தாண்டாமல் நடுவுக்குப் போனால் நினைத்தது நடக்கும் என்று பஸ்ஸிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். வெயில் ஏறுவதற்குள் நுழைந்துவிட்டோம். நடுவை ஒட்டிய சுற்றில் அமுச்சி நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நடுவையே பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல் வரிசைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி நேரே வெளியே போய்விட்டார்! "போதும் கண்ணு, வா." என்ன வேண்டினார், ஏன் விட்டார், எதையும் சொல்லாமலே காலமாகிவிட்டார்.

காங்கயத்தான்:
வழி தவறியிருப்பார். நான் போனபோது உடன் வந்தவர்கள் செல்பி எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உடுமலை டீச்சர்:
காங்கயத்தாருக்கு: அங்கே வழி தவறவே முடியாது. கிளை இல்லை, முட்டுச்சந்து இல்லை, ஒரே வழி. பூங்காவில் செடி வளர்த்து ஆளைக் குழப்புவது வேறு. வெளியிலிருந்து எண்ணினால் முதலில் மூன்றாம் சுற்று. பிறகு 2, 1, 4. அங்கிருந்து சட்டென்று 7. நடு பக்கத்திலேயே இருக்கும், வாசல் இருக்காது. 6, 5 என்று வெளியே தள்ளிவிட்டுத்தான் உள்ளே விடும்.

அம்மிணி, உங்கள் அமுச்சி நின்றது ஏழில். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் நடந்தேன். ஏழில் முருகா முருகா என்பது நாக்கிலேயே நின்றுவிட்டது. இவ்வளவு அருகில் கொண்டுவந்து திருப்பினால் கோபம் வராதா? மீதியைச் சண்டைக்குப் போகிறவள் மாதிரி நடந்து முடித்தேன்.

காங்கயத்தான்:
கர்நாடகத்து ஹளேபீடு கோயிலில் சக்கர வியூகத்தை இது மாதிரிச் சுற்று வழியாகத்தான் செதுக்கியிருக்கிறார்கள். அபிமன்யு கதி தெரிந்தவர் பாதியில் வரத்தான் செய்வார்.

உடுமலை டீச்சர்:
அபிமன்யுவைச் சுற்றிப் படை நின்றது. இங்கே வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் அந்த அம்மா தாண்டியது எனக்கும் உறுத்துகிறது.

சிங்காநல்லூர் மாடிவீடு:
பொள்ளாச்சிப் பக்கம் கெடிமேட்டுச் சதுரக் கோட்டையைப் பார்க்கப் போனேன். பக்கத்துக்கு 56 அடி. மழை வந்தது, திரும்பிவிட்டேன்.

இதற்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். மொட்டை மாடியில் 25 அடி இடம் இருந்தால் போதும். கோலமாவால் கூட்டல் குறி போடுங்கள். நான்கு மூலையிலும் அதன் கைகளுக்கு இணையாக ஒரு 'ட', ஒவ்வொரு 'ட'வின் அணைப்பிலும் ஒரு புள்ளி. குறியின் மேல்நுனியை வலப்பக்க 'ட'வின் மேல்நுனியோடு வளைத்துச் சேருங்கள். அடுத்து இடப்பக்க 'ட'வின் மேல்நுனியை வலப்பக்கப் புள்ளியோடு. இப்படியே இடமும் வலமும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனால் எட்டு வளைவில் கோட்டை முடியும். விடியலில் வெறுங்காலோடு நடங்கள், போனை வீட்டில் வையுங்கள், மூச்சை எண்ண வேண்டாம். முதலில் தாளில் போட்டுப் பழகுவது நல்லது. குறியைப் பெரிதாகப் போட்டால் கடைசி வளைவு தண்ணீர்த் தொட்டியில் முட்டும்.