எலும்பு கூடிவிட்டது, ஆனால் லாரி ஹாரன் கேட்டாலே தூக்கிவாரிப் போடுகிறது: என்ன செய்யலாம்?

பிசியோ_திண்டுக்கல்

டூவீலர் விபத்தில் கால் முறிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் பிரச்சினை இது. நாலைந்து மாதத்தில் எலும்பு கூடிவிடுகிறது, எக்ஸ்ரே சுத்தம். ஆனால் ஆள் பழையபடி ஆகவில்லை. ராத்திரி தூக்கம் கிடையாது. கழுத்தும் தோளும் கல்லாக இறுகியிருக்கின்றன. வண்டிப் பக்கமே போக மறுக்கிறார்கள். வீட்டில் பாதிப் பேர் "சும்மா பயந்து சாகாதே" என்று திட்டுகிறார்கள், மீதிப் பேர் மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள்.

கேட்க நினைப்பது மூன்று. தானாக அடங்குகிற பயம் எது, நோயாகிவிட்டது எது, எப்படிப் பிரிப்பது? பயிற்சி அறையில் நாம் என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது? மாத்திரை தேவைப்படுமா?

நிலா_உளவியல்

முதலில் காலண்டரைப் பாருங்கள். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் பெரும்பாலோருக்கு வரும், பெரும்பாலோருக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் நான்கு வகைத் தொல்லைகள் சேர்ந்து நீடித்தால் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்று யோசிக்க வேண்டும்: காட்சி திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது, "எல்லாம் என் தப்பு", "இனி எதுவும் பத்திரமில்லை" என்று மனம் இருண்டுபோவது, உடம்பு எந்நேரமும் காவல் நிற்பது. வேலையோ குடும்பமோ அதனால் முடங்கியிருக்கிறதா என்பதும் முக்கியம். சிலருக்கு ஆறு மாதம் கழித்தும் முழுசாக வெளிப்படும். கட்டுப் பிரித்து, வேலைக்குப் போகச் சொல்லும் நேரத்தில்தான் பலருக்கு அது தெரியவரும்.

சலித்தெடுக்க பிசிஎல்-5 கேள்வித்தாள் போதும். 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. 31–33க்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்த எண்ணை வைத்து நீங்களே நோய்ப்பெயர் எழுதிவிடாதீர்கள்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்பதை வீட்டாருக்கு விளக்கினாலே பாதித் திட்டு குறையும். மூளையில் ஆபத்தைக் கண்டால் மணியடிக்கும் பகுதி அமிக்டலா, பாதாம்பருப்பு அளவு. நடந்ததற்கு இடமும் தேதியும் ஒட்டிவைப்பது ஹிப்போகாம்பஸ். உச்சக்கட்ட பயத்தில் இரண்டாவது வேலை சரியாக நடப்பதில்லை. ஹாரன், டீசல் வாசம், பிரேக் கிறீச்சிடுவது எல்லாம் தேதி இல்லாமல் பதிந்துவிடுகின்றன. அதனால் அடுத்த ஹாரன் கேட்கும்போது, "அது சித்திரை மாசம் நடந்தது" என்று உடம்புக்குத் தெரியாது, இப்போதே நடக்கிறது. அட்ரினலின் பாய்கிறது, நெஞ்சு படபடக்கிறது, அடிபடத் தயாராகிற மாதிரி தோளும் தாடையும் இறுகுகின்றன. நாளெல்லாம் இறுகினால் வலி; வலி விபத்தை நினைவூட்டுகிறது; நினைவு மறுபடி இறுக்குகிறது. கழுத்துக்கு எத்தனை ஒத்தடம் கொடுத்தாலும் பிடிப்பு திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் மாதம் செய்ய வேண்டியது எளிது: பத்திரமான இடம், சாப்பாடு, தூக்கம், துணைக்கு ஆள், போலீஸ்–இன்சூரன்ஸ் விஷயத்தில் தெளிவான தகவல். "எல்லாத்தையும் கொட்டிடு, மனசு லேசாகும்" என்று உட்காரவைத்து விவரம் பிடுங்காதீர்கள். விபத்து நடந்த கையோடு ஒரே அமர்வில் முழுக்கதையையும் சொல்லவைப்பதால் பயன் இல்லை, சிலருக்குக் கேடும் உண்டு. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

ரோட்டுக்காரன்

இவ்வளவு வேண்டுமா? நீச்சல் பழக்க கிணத்தில் தூக்கிப் போடுவதில்லையா? கட்டுப் பிரித்த மறுநாளே பைபாஸில் ஒரு ரவுண்டு கூட்டிப் போனால் பயம் போய்விடும்.

நிலா_உளவியல்

@ரோட்டுக்காரன், நீங்கள் சொல்லும் திசை சரி, அளவுதான் தப்பு. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். ஒவ்வொரு முறை விலகும்போதும் கிடைக்கிற நிம்மதியே "விலகினதால்தான் பிழைத்தேன்" என்று மூளைக்குப் பாடம் எடுக்கிறது. ஆனால் கிணத்தில் தள்ளப்பட்டவன் மூச்சுமுட்டி, படிக்கட்டைப் பிடித்து ஏறி ஓடினால், அவன் கற்றது நீச்சல் இல்லை. கிணறு கொல்லும் என்பதைத்தான்.

படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பயத்தை 0 முதல் 100 வரை நோயாளியே எண் சொல்லட்டும். 30–40 உள்ள படியில் தொடங்குங்கள். மாதிரிக்கு: நிறுத்தியிருக்கும் வண்டியைத் தொட்டு நிற்பது, எஞ்சின் அணைந்தபடி ஏறி உட்காருவது, ஸ்டாண்டில் போட்டு எஞ்சினை ஓடவிட்டு உட்காருவது, தெருவுக்குள் பின்னால் உட்கார்ந்து போவது, கூட்டமில்லாத நேரத்தில் மெயின் ரோடு, பிறகு லாரி ஓடும் நேரம், கடைசியில் விபத்து நடந்த இடம். ஒரு படியில் 30–45 நிமிடம், அல்லது எண் பாதியாகும்வரை. 40இல் தொடங்கி 70க்கு ஏறி 35க்கு இறங்கினால் நல்ல நாள். தினமும் அதே படி, சலிப்புத் தட்டும்வரை. சலிப்புதான் தேர்ச்சி.

கெடுப்பவை இரண்டு. ஒன்று, 70இல் இருக்கும்போது "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்று இறங்குவது. அன்றைக்குப் பயத்துக்கு வெற்றி. இன்னொன்று, ஒளிவுமறைவான தற்காப்பு: கண்ணை மூடிக்கொள்வது, ஓட்டுபவர் சட்டையை இறுக்கிப் பிடிப்பது, காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பது. இவை இருக்கும்வரை எண் இறங்காது. ஹெல்மெட் இந்தப் பட்டியலில் சேராது, பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் படிகள் வெளியுலகப் பயத்துக்கு மட்டும். கெட்ட கனவும், கண்முன் காட்சி ஓடுவதும் இருந்தால் அந்த நினைவையே கையாளப் பயிற்சி பெற்றவர் வேண்டும். தொடர் வெளிப்படுத்தல் சிகிச்சை (அந்த நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பயத்தைத் தணிப்பது) என்றால் 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சை சுமார் 12 அமர்வு. கண் அசைவை வைத்துச் செய்யும் இஎம்டிஆரும் ஏற்கப்பட்ட முறையே. பயிற்சி அறையில் இவற்றை முயன்று பார்க்க வேண்டாம்.

மருந்துச்சீட்டு

மனசு என்று முத்திரை குத்துமுன் உடம்பைப் பாருங்கள். கால் முறிந்தவருக்குத் திடீர் மூச்சுத்திணறலும் படபடப்பும் வந்தால் அதைப் "பதற்றம்" என்று எழுதாதீர்கள். கெண்டைக்கால் ரத்தக்குழாயில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அன்றே, உடனே அவசரப் பிரிவு. அதேபோல, விபத்தின்போது நினைவு தப்பியிருந்தால் தலைவலி, எரிச்சல், மறதி ஆகியவை தலைக்காயத்தின் மிச்சமாகவும் இருக்கலாம். ராத்திரி தூங்குவதற்காகக் குடி தொடங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள், தனியாக, வீட்டார் இல்லாதபோது.

மாத்திரையில் அதிகம் தருவது மனச்சோர்வுக்கும் தரும் செர்ட்ராலின். 25 மிகியில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 50. தேவைப்பட்டால் மெல்ல ஏற்றி அதிகபட்சம் 200. பலன் தெரிய 6–8 வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலும் பரபரப்பும் வரும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

எலும்பு நோயாளிகளில் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஏற்கெனவே டிரமடால் என்ற வலி மாத்திரை சாப்பிடுபவருக்கு செர்ட்ராலின் சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் மிகையாகி நடுக்கம், காய்ச்சல், வலிப்பு வரை போகலாம். டைக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மாத்திரை சேர்ந்தால் இரைப்பையிலும் குடலிலும் ரத்தக்கசிவு அபாயம் கூடும். சீட்டு எழுதுபவருக்கு வலி மாத்திரைப் பட்டியல் கையில் போய்ச் சேர வேண்டும். அதை நீங்கள் செய்யலாம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் வேண்டாம். அதிர்ச்சிக்குப் பின் முதல் மாதத்தில் அந்த வகை மருந்து தரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது. பழக்கமாகும், பயத்தைக் கற்றுத் தீர்ப்பதையும் தடுக்கும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இலவசமாகப் பார்க்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும், தமிழிலும் பேசுவார்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் தள்ளிப்போடாமல் அன்றே அனுப்புங்கள்.

பிசியோ_திண்டுக்கல்

மிக்க நன்றி. பயிற்சி நடுவில் ஆள் உறைந்துபோய்ப் பதில் சொல்லாமல் வெறித்துப் பார்த்தால்? அப்புறம், மந்திரிக்கப் போன இடத்தில் கட்டிவிட்ட தாயத்தை என்ன செய்வது?

நிலா_உளவியல்

பயிற்சியை நிறுத்துங்கள். சொல்லாமல் தொடாதீர்கள், பின்னாலிருந்து ஒருபோதும் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைய தேதி, இந்த இடம், தரையில் கால் இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லுங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருளைப் பெயர் சொல்லக் கேளுங்கள். ஆள் திரும்பியதும் கண் திறந்தபடியே மூச்சு: 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே, மூன்று நான்கு நிமிடம். வெளிமூச்சு நீண்டால் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பை மட்டுப்படுத்தும். கண்ணை மூடச் சொன்னால் சிலருக்கு விபத்துக்காட்சி வந்துவிடும். விரல் மரத்துப்போகும் அளவு மூச்சு வாங்கினாலும் பேப்பர் பையைக் கொடுக்காதீர்கள்.

தாயத்தைக் கழற்றச் சொல்லிச் சண்டை வேண்டாம். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா, அடிக்கிறார்களா, பட்டினி போடுகிறார்களா என்பதை மட்டும் கேட்டு வையுங்கள். மற்றபடி அது இருந்தால் இருக்கட்டும். கடைசிப் படிவரை வந்தபின், "இது இல்லாமல் ஒரு நாள் போய்ப் பார்க்கலாமா?" என்று அவரையே கேளுங்கள். அதற்கும் ஒரு எண் சொல்வார்.