ஆச்சி வீட்டுத் துணிக்கொடி

குழு: ஆச்சி வீடு, பாளையங்கோட்டை

மார்ச் 3

நான், காலை 7:12
[படம்]
பின்வாசல் துணிக்கொடி. இடது ஓரம் கொக்கிகிட்ட ஒட்டடை மாதிரி ஒண்ணு தொங்குது பாருங்க. அது ஒட்டடை இல்ல, ஏதோ குருவி கூடு கட்டுது. யாரும் தொட்டுராதீங்க. அம்மா, உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுதேன்.

அம்மா, 7:15
நேத்தே கம்பை எடுத்தேன் அதை அடிக்க. அதுக்குள்ள பால்காரர் வந்துட்டார். சித்திரை விசுவுக்கு வெள்ளையடிக்க வேற ஆள் சொல்லியிருக்கேன்

சென்னை சித்தி, 7:21
எனக்குத் தேங்கா நார்தான் தெரியுது

நான், 7:26
[படம்]
இப்ப பாருங்க சித்தி. அலகுல வெள்ளையா ஒரு இழை இருக்கா? சன்ஷேடு மூலையில இருக்க சிலந்தி வலையைப் பிச்சு எடுத்துட்டு வந்து கம்பியில சுத்துது. சுத்திட்டு, அலகால குத்திக் குத்தி அமுக்குது. அரை மணி நேரத்துல பதினோரு தடவை வந்துட்டுப் போச்சு. கட்டைவிரல் தண்டிதான் இருக்கு, ஆனா ஒரு நிமிஷம் சும்மா நிக்கல.

தென்காசிப் பெரியப்பா, 7:40
தேன்சிட்டு. பொட்டை. தொண்டை சாம்பலோடிய வெள்ளை, நெஞ்சு மஞ்சள். நம்ம ஊர்ல மூணு வகை தேன்சிட்டு உண்டு, ஆணைப் பார்த்தாத்தான் சட்டுன்னு சொல்ல முடியும். கூடவே சுத்திட்டு இருப்பான், ஒரு படம் எடும்மா.

நான், 8:05
[படம்]
செம்பருத்தி மேல நிக்கான் பெரியப்பா. லேசா மங்கிட்டு.

தென்காசிப் பெரியப்பா, 8:09
போதும், தெரியுது. முதுகு அரக்கு, அடிவயிறு மஞ்சள், தோள்ல பச்சை மினுக்கு. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. உடம்பு முழுக்கக் கருநீலமா இருந்தா அது ஊதாத் தேன்சிட்டு. அதே கருப்புல அலகு மட்டும் நீளமா வளைஞ்சிருந்தா லோட்டன் தேன்சிட்டு. இதுல கூடு கட்டுதது பொட்டை மட்டும்தான். அவன் கூட வருவான், பாடுவான், ஒரு நார் எடுத்துத் தர மாட்டான். குஞ்சு பொரிச்சதும் ரெண்டு பேரும் சேர்ந்து ஊட்டும்.

அம்மா, 8:14
அப்ப துணியை எங்க காயப்போட?

ஆச்சி, 8:31
[குரல் பதிவு 0:19]

அம்மா, 8:33
மாடியில போடச் சொல்லுதாவ. ஆச்சி சொன்ன பெறகு பேச்சு என்ன இருக்கு

மார்ச் 8

தூத்துக்குடி மாமா, இரவு 9:02
மருமவளே, சிநேகிதன்கிட்ட பெரிய லென்ஸ் இருக்கு, பிளாஷும் இருக்கு. ஞாயித்துக்கிழமை வாரேன். கூட்டுக்கு முன்னால ரெண்டு போகன்வில்லா கொப்பை வெட்டிட்டா முட்டை வரைக்கும் எடுத்துரலாம்

நான், 9:06
மாமா, வாங்க. ஆனா கொப்பை வெட்ட வேண்டாம், பிளாஷும் வேண்டாம். அந்தக் கொப்புதான் அதுக்கு நிழல், அதுதான் மறைவு. காலை பத்து மணி வெயில் நேரா கூட்டு மேல விழுந்தா உள்ள இருக்க முட்டை தாங்காது.

தென்காசிப் பெரியப்பா, 9:11
மாப்ளே, அவ சொல்லுதது சரி. இன்னொண்ணும் இருக்கு. காக்கா தண்ணி டாங்க் மேல உக்காந்து நாம எங்க போறோம், எதைக் குனிஞ்சு பாக்கோம்னு கவனிச்சுட்டே இருக்கும். நாம நாலு தடவை போய் எட்டிப் பார்த்தா கூட்டுக்கு நாமளே வழி காட்டின மாதிரி. கூட்டுப் படத்தைப் பல போட்டிகள்ல இப்ப எடுத்துக்கிடுததே இல்ல.

தூத்துக்குடி மாமா, 9:15
இது தெரியாம போச்சே அத்தான். அப்ப எப்படித்தான் எடுக்க?

நான், 9:24
நான் எடுக்கத சொல்லுதேன் மாமா. அடுக்களை ஜன்னல்ல இருந்து கூடு பதினாலு அடி. ஆச்சியோட பழைய கருநீலச் சுங்குடிச் சேலையை ஜன்னல்ல கட்டி, லென்ஸ் நுழையுத அளவுக்கு ஊக்கு குத்தி ஒரு சந்து விட்டிருக்கேன். உள்ள லைட்டை அணைச்சுருவேன். நம்ம நிறத்தைப் பார்த்து இல்ல, அசைவைப் பார்த்துத்தான் அது பயப்படுது. காலை ஏழுல இருந்து எட்டரை வரைக்கும் பக்கவாட்டு வெளிச்சம். ஷட்டர் வேகம் 1/1000 செகண்டைவிட மெதுவா இருந்தா றெக்கை கலங்கிரும். கண்ணுல போகஸ் வைக்கணும், கண்ணு தெளிவா இருந்தா மத்தது எப்படி இருந்தாலும் படம் நிக்கும்.

மார்ச் 12

நான், காலை 7:50
[படம்]
கூடு முடிஞ்சுட்டு. சுரைக்குடுக்கை மாதிரி தொங்குது. வெளியே காஞ்ச மரப்பட்டைத் துணுக்கு, புழு எச்சம், சருகுத்தூள் எல்லாம் ஒட்டி, தூரத்துல பார்த்தா குப்பைதான். உள்ள இலவம்பஞ்சு. பக்கத்துல வாசல். வாசலுக்கு மேல சின்னதா ஒரு சன்ஷேடு நீட்டிக்கிட்டு இருக்கு, மழைச்சாரல் உள்ள போகாது. எந்த மேஸ்திரி சொல்லிக்குடுத்தாரோ.

சென்னை சித்தி, 8:20
அதோட நாங்க ஒண்ணு கேக்கணும். ஒரு வாரமா பக்கத்து மனையில யாரோ தகரத்தை அடிக்க மாதிரி டொக் டொக் டொக்னு நிக்காம சத்தம். ஆளே இல்ல அங்க. மத்தியான வெயில்லயும் கேக்கு

தென்காசிப் பெரியப்பா, 8:24
அரசமரமோ ஆலமரமோ பக்கத்துல இருக்கா?

சென்னை சித்தி, 8:25
அரசு இருக்கு அத்தான், பழமா கொட்டுது

தென்காசிப் பெரியப்பா, 8:31
அப்ப அது செம்மார்புக் குக்குறுவான். பச்சை உடம்பு, நெத்தியிலயும் நெஞ்சுலயும் செவப்பு. இலைக்குள்ள தேடாதே, உச்சாணியில பட்டுப்போன கொப்பு எதுன்னு பாரு, அங்க இருக்கும். கூப்பிடும்போது அலகைத் திறக்காது, தொண்டை ரெண்டு பக்கமும் உப்பி அடங்கும், அதைக் கவனி. தலையைத் திருப்பித் திருப்பிக் கூப்பிடுததால சத்தம் வேற வேற இடத்துல இருந்து வாரது மாதிரி ஏமாத்தும்.

சென்னை சித்தி, மாலை 5:47
[படம்]
பார்த்துட்டேன்!! பொட்டு மாதிரிதான் விழுந்திருக்கு, ஆனா செவப்பு தெரியுதுலா? பதினெட்டு வருஷமா இந்த வீட்ல இருக்கேன் அக்கா. இன்னைக்குத்தான் பாக்கேன்

மார்ச் 20

தூத்துக்குடி அத்தை, காலை 10:03
பலமுறை பகிரப்பட்டது: இன்று உலகச் சிட்டுக்குருவி தினம். செல்போன் டவரால் சிட்டுக்குருவி இனமே அழிந்துவிட்டது...

தென்காசிப் பெரியப்பா, 10:30
தாயி, குருவி மேல இருக்க அக்கறைக்கு நன்றி. டவர்தான் காரணம்னு யாரும் நிரூபிக்கல. 2020ல வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையில, நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தா சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாத்தான் இருக்குன்னு வந்திருக்கு. பெரிய நகரங்கள்லதான் குறைவு. ஓடு, பனங்கை, சுவர்ப்பொந்து எல்லாம் போயிட்டு, கூடு எங்க வைக்கும்? குஞ்சுக்குப் பூச்சி வேணும், அதுக்குச் செடி வேணும்.

தூத்துக்குடி அத்தை, 10:36
சரிங்க அண்ணே. எங்க மீட்டர் பெட்டி மேல ஒரு ஜோடி வருது. அதை விரட்டாம இருக்கேன்

மார்ச் 24

நான், இரவு 8:40
ஒரு தப்பு பண்ணிட்டேன். மறைக்க மனசு வரல.
ஒரு வாரமா தேன்சிட்டு கூட்டுக்குள்ளயே இருக்கு, வாசல்ல அலகு மட்டும்தான் நீட்டிக்கிட்டு இருக்கும். இன்னைக்குச் சாயங்காலம் அது வெளிய போன சமயம் முட்டை எத்தனைன்னு பாக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். போனை வாசல்கிட்ட வச்சு ஒரு படம். பத்து செகண்டுதான் இருக்கும். இறங்கதுக்குள்ள அது வந்துட்டு. முருங்கைமரத்துல நின்னு சிட் சிட்னு ஒரே கூப்பாடு. நான் உள்ள ஓடிட்டேன். அப்பவும் வரல. சேலைச்சந்து வழியா பார்த்துக்கிட்டே நின்னேன், 23 நிமிஷம். ஒருவழியா வந்து நுழைஞ்ச பெறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான், 8:42
ரெண்டு முட்டை. படத்தை அழிச்சுட்டேன், யாரும் கேக்காதீங்க.

தென்காசிப் பெரியப்பா, 8:55
திரும்பி வந்துட்டுல்ல, அது போதும். நானும் 1987ல ஒரு கொண்டைக்குருவிக் கூட்டை இப்படித்தான் பார்த்துப் பார்த்துக் கெடுத்தேன். மறுநாள் போனா ஓடுதான் கிடந்தது. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கொய்யாமரம் கண்ணுல நிக்கு. நீ நோட்டுல தேதியும் நேரமும் மட்டும் எழுது. முட்டை பொரிய ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும்.

மார்ச் 29

அம்மா, மாலை 6:08
மாமரத்தடியில ஏதோ பச்சையா சருகைப் புரட்டுது. வால் கட்டையா. கோழிக்குஞ்சுன்னு நினைச்சேன்

நான், 6:16
[படம்]
வெளிச்சம் பத்தல, கேமராவோட ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400 வரைக்கும் ஏத்திட்டேன், புள்ளி புள்ளியாத்தான் இருக்கு. ஆனா பெரியப்பா, பாருங்க!

தென்காசிப் பெரியப்பா, 6:18
ஆறுமணிக்குருவி!! மணியைப் பார்த்தியா? சரியா அதோட நேரம். காலையில ஆறு, சாயங்காலம் ஆறு, அப்பத்தான் கூப்பிடும். வாலடியில குங்குமச் செவப்பு, கண்ணு வழியா கருப்புப் பட்டை. இமயமலை அடிவாரத்துலயும் நடு இந்தியாவுலயும் குஞ்சு பொரிக்கது. பனிக்காலத்துக்கு நம்ம பக்கமும் இலங்கைக்கும் வரும். இன்னும் கொஞ்ச நாள்ல வடக்க கிளம்பிரும், அதுக்கு முன்னால வயிறு நிறையத் தின்னுக்கிடுது.

அம்மா, 6:25
ஆச்சி சொல்லச் சொல்ல நான் அடிக்கேன்: "கடியாரம் இல்லாத காலத்துல இது கூப்பிட்டாத்தான் அடுப்பு பத்தவைப்போம். மாமரத்தடிச் சருகை யாரும் கூட்டக்கூடாது. அது போற வரைக்கும் கிடக்கட்டும்."

நான், 6:27
சருகுக்குள்ளதான் அதுக்குப் புழுவும் பூச்சியும். ஆச்சி சரியாச் சொன்னாவ.

மார்ச் 31

நான், காலை 7:33
பொரிச்சுட்டு! ஆணும் பொட்டையும் மாறி மாறி வருது. அலகுல சின்னச் சிலந்தி, பச்சைப்புழு. தேன் எடுத்துட்டு வருமுன்னு நினைச்சேன், இல்ல. குஞ்சு வளரப் பூச்சிதான் வேணும். தயவுசெய்து செம்பருத்திக்கு யாரும் மருந்து அடிக்காதீங்க, மாவுப்பூச்சி இருந்தா நான் துணியால துடைச்சு விடுதேன்.

ஏப்ரல் 6

தூத்துக்குடித் தம்பி, பகல் 11:20
அக்கா, யூடியூப்ல குயில் சத்தம் போட்டேன், எங்க வேப்பமரத்துக் குயில் உடனே வந்துட்டு! கருப்பு, கண்ணு செக்கச்செவேல்னு. படம் எடுத்தேன்

நான், 11:28
படம் நல்லா இருக்குடா. கூவுதது ஆண். பொட்டைக்கு உடம்பெல்லாம் புள்ளி இருக்கும். ஆனா அந்தச் சத்தத்தைத் திரும்பப் போடாத. இன்னொருத்தன் தன் இடத்துக்கு வந்துட்டான்னு நினைச்சு சண்டைக்கு வந்திருக்கான். திங்க வேண்டிய நேரத்துல இல்லாத எதிரியைத் தேடி அலைவான். பேசாம மரத்தடியில உக்காரு, காக்கா கூடு இருக்கான்னு பாரு. இருந்தா பொட்டையும் வரும்.

தூத்துக்குடித் தம்பி, 11:30
சரிக்கா. காக்கா கூடு இருக்கு!! கம்பியெல்லாம் வச்சுக் கட்டியிருக்கு

ஏப்ரல் 9

நான், இரவு 10:15
கோடை மழை. பேய்க்காத்து. கூடு ஊஞ்சல் மாதிரி ஆடுது. கொக்கி வேற துரு. போய்க் கட்டி விடவா பெரியப்பா?

தென்காசிப் பெரியப்பா, 10:17
வேண்டாம். ராத்திரி நேரம், தாய் உள்ள இருக்கும், பதறி இருட்டுல பறந்துட்டா திரும்ப வர வழி தெரியாது. ஒருவேளை விழுந்துட்டா மட்டும், காலையில ஒரு சின்னக் கூடையில கூட்டோட வச்சு அதே கம்பியில மாட்டு. மனுஷன் கை பட்டா தாய் சேர்க்காதுன்னு சொல்லுதது சரியில்ல. வந்து ஊட்டும்.

நான், ஏப்ரல் 10, காலை 6:02
விழல. ஆறு மணிக்கே ஊட்ட ஆரம்பிச்சுட்டு. வாசல் சன்ஷேடு நனைஞ்சு கருத்திருக்கு, உள்பக்கம் காஞ்சுதான் தெரியுது.

ஏப்ரல் 14

அம்மா, காலை 5:50
எல்லாருக்கும் விசு வாழ்த்துகள். கனி கண்டாச்சு. வெள்ளையடிக்க வந்த ஆளை முன்பக்கம் மட்டும் அடிக்கச் சொல்லிட்டேன். பின்சுவர் அப்படியே இருக்கு, வந்து பாக்கவங்க ஒண்ணும் சொல்லாதீங்க

தூத்துக்குடி மாமா, 6:30
நாங்க பத்து மணிக்கு வந்துருவோம் அக்கா. அந்தச் சேலைச்சந்தை எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் குடுக்கணும் மருமவளே

ஏப்ரல் 16

அம்மா, காலை 9:40
ரெண்டும் போயிட்டு

நான், 9:41
அய்யோ நான் ஆபீஸ் பஸ்ல இருக்கேன்! யார் பார்த்தா?

அம்மா, 9:52
ஆச்சிதான். சொல்லுததை அப்படியே அடிக்கேன்: "நாற்காலியைப் போட்டு உக்காந்து கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தேன். மொதக் குஞ்சு வாசல்ல தலையை நீட்டி நீட்டி உள்ள இழுத்துச்சு. தாய் வாயில எதையோ வச்சுக்கிட்டு, ஊட்டாம, தள்ளிப்போய் செம்பருத்தியில நின்னு கூப்பிட்டுச்சு. குஞ்சு பார்த்துச்சு, பார்த்துச்சு, அப்புறம் பொத்துனு கொடிக்கம்பியில வந்து விழுந்து பிடிச்சுக்கிட்டு. வாலே இல்ல அதுக்கு. வாய் ஓரம் மஞ்சளா, அழுத பிள்ளை மாதிரி. அடுத்தது அதைவிடத் தைரியம், நேரா கருவேப்பிலைக்குப் போயிட்டு. நான் கீரையைக் கீழ வைக்கல. அசைஞ்சா பயப்படும்லா."

தூத்துக்குடி மாமா, 9:58
யாரும் படம் எடுக்கலயா?

அம்மா, 9:59
போன் அடுக்களையில இருந்தது. எடுக்கப் போகலன்னு சொல்லுதாவ

நான், 10:04
ஆச்சி சொன்னதை நோட்டுல எழுதுதேன். நேரம் மட்டும் கேளுங்கம்மா.

அம்மா, 10:06
பூக்காரி சத்தம் கேட்டப்பன்னு சொல்லுதாவ. ஒன்பதே கால்

ஏப்ரல் 19

நான், காலை 7:05
[படம்]
கருவேப்பிலையில ரெண்டும் ஒட்டி உக்காந்திருக்கு. தாய் ஊட்டுது. அடுக்களை ஜன்னல்ல இருந்து எடுத்தேன், சேலை அப்படியே இருக்கு.

தென்காசிப் பெரியப்பா, 7:12
அருமை. மூணு கண்ணும் தெளிவா விழுந்திருக்கு. கூட்டை உடனே எடுத்துராதீங்க, ராத்திரி அடைய இன்னும் சில நாள் வரலாம்.

சென்னை சித்தி, 7:20
அக்கா, இப்பவாவது பின்பக்கம் ஆளைக் கூப்பிடப் போறியா?

அம்மா, 7:31
ஆடி கழியட்டும்னு சொல்லிட்டேன். ஒட்டடை அடிச்சேன், முன்வீடு, மாடி, எல்லாம். பின்வாசல் சன்ஷேடு மூலையில இருக்க வலையை மட்டும் தொடல. அடுத்த கூட்டுக்கு வேணும்லா