"கிரானைட்டும் தண்ணீரில் கரைந்திருந்ததா?" – சர்க்கரைப் படிகம் வளர்த்த வகுப்பில் எழுந்த கேள்வி

கேட்டவர்: ஏழாம் வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாறைகள் பாடத்துக்காக வகுப்பில் சர்க்கரைப் படிகம் வளர்த்தோம். ஆறு குழுக்கள், ஆறு கண்ணாடிப் புட்டிகள். ஒரு குவளைத் தண்ணீருக்கு மூன்று குவளைச் சர்க்கரை. கொதிக்கும் பாகை நானே ஊற்றினேன். பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை. நூலை நனைத்து, சர்க்கரையில் புரட்டி, பென்சிலில் கட்டித் தொங்கவிட்டது அவர்கள் வேலை. மூன்று புட்டிகளைத் துண்டு சுற்றி அலமாரியில் வைத்தோம். மூன்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம்.

பத்தாம் நாள் எடுத்துப் பார்த்தோம். குளிர்பதனப் பெட்டியில் இருந்த நூல்களில் மணலை அப்பியதுபோல் பொடிப்பொடியாக இருந்தது. அலமாரிப் புட்டிகள் இரண்டில் மிளகளவுப் படிகங்கள், செதுக்கி வைத்ததுபோல் தட்டையான முகங்களோடு. மூன்றாவதில் நூல் மொட்டையாகத் தொங்கியது; சர்க்கரை முழுவதும் அடியில் பாளமாக இறுகிக் கிடந்தது. அந்தக் குழுவில் ஒரு பையன் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

"மெல்லக் குளிர்ந்தால் பெரிய படிகம், சட்டென்று குளிர்ந்தால் சிறிய படிகம். உருகிய பாறைக் குழம்பு இறுகி உண்டாகும் கிரானைட்டும் பசால்ட்டும் இப்படித்தான்" என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கைலென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அப்படியானால் கிரானைட்டும் ஒரு காலத்தில் தண்ணீரில் கரைந்திருந்ததா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் நாங்கள் கண்ணால் பார்த்தது கரைசலைத்தானே, உருகிய குழம்பை அல்லவே! பொருந்தாத ஒன்றைக் காட்டிப் பாடம் நடத்திவிட்டேனோ என்று மனம் உறுத்துகிறது. திங்கட்கிழமை முழுப் பதில் சொல்வதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மொட்டை நூலுக்கும் காரணம் தெரிய வேண்டும்.

பதில் 1: பாறையியல் படித்தவர்

டீச்சர், அவள் கேட்டது பதினெட்டாம் நூற்றாண்டு நிலவியலின் பெரிய வழக்கு. இதை அவளிடம் முதலில் சொல்லுங்கள். ஜெர்மனியில் ஆபிரகாம் வெர்னர் (1749–1817), ஆதிக்கடலில் கரைந்திருந்த பொருள் படிந்துதான் கிரானைட் உண்டானது, அதுதான் எல்லாவற்றிலும் மூத்த பாறை என்றே கற்பித்தார். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் ஒப்புக்கொள்ளவில்லை. 1785-இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், வேறொரு பாறையைப் பிளந்துகொண்டு சிவந்த கிரானைட் கிளை கிளையாக உள்ளே புகுந்திருப்பதைக் கண்டார். மூத்த பாறை, தனக்குப் பின்னால் வந்த பாறைக்குள் எப்படிப் புகும்? உருகிய குழம்பாகப் புகுந்து இறுகியதுதான் கிரானைட் என்றார்.

அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஹால் பசால்ட் வகைப் பாறைகளை உலையில் உருக்கிப் பார்த்து, 1798-இல் முடிவை அறிவித்தார். சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி. மெல்ல ஆறவிட்டால் படிகங்கள் நிறைந்த கல். ஆகவே நீங்கள் தவறாக நடத்தவில்லை. படிகம் பெரிதாக நேரம் வேண்டும் என்பது கரைசலுக்கும் குழம்புக்கும் பொது. வேறுபாடு இதுதான்: உங்கள் புட்டியில் படிகம் போகத் தண்ணீர் மிஞ்சுகிறது, மாக்மாவோ, அதாவது பூமிக்குள் உருகியிருக்கும் பாறைக் குழம்போ, ஏறக்குறைய முழுவதும் கல்லாகிவிடுகிறது.

அதனால் அந்த அடிப் பாளத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! ஆறு புட்டிகளில் கிரானைட்டுக்கு மிக நெருங்கி வருவது அதுதான். நூலில் வளர்ந்த படிகத்துக்குச் சுற்றிலும் இடம் இருந்தது. முகங்கள் ஒழுங்காக அமைந்தன. அடியில் வளர்ந்தவை ஒன்றையொன்று நெருக்கிக் கோத்துக்கொண்டன. கிரானைட்டிலும் அதே நெருக்கடி. அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் பெரும்பாலும் கடைசியில் இறுகுவதால், மற்றவை விட்டுவைத்த சந்துதான் அதற்குக் கிடைக்கும். பாளத்தை உடைத்து ஒரு கிரானைட் துண்டின் பக்கத்தில் வையுங்கள்.

கரைசலிலேயே வளர்ந்த கனிமம் வேண்டுமென்றால் மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தைச் சொல்லலாம். அங்கே 2000-இல் கண்டறிந்த குகையில் ஜிப்சம் படிகங்கள் 11 மீட்டர் நீளம்வரை இருக்கின்றன. சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், வெப்பம் அதிகம் மாறாமல், நெடுங்காலம் வளர்ந்தவை.

பதில் 2: இன்னொரு ஆசிரியர்

மொட்டை நூல் எங்கள் வகுப்பிலும் வந்திருக்கிறது. சர்க்கரையில் புரட்டிய நூலை ஈரத்தோடு தொங்கவிட்டிருப்பார்கள், அல்லது பாகு சூடாக இருக்கும்போதே இறக்கியிருப்பார்கள். எப்படியானாலும் ஒட்டியிருந்த சர்க்கரை கரைந்தோ உதிர்ந்தோ போய்விடும். படிகம் பற்றிக்கொள்ள விதை இராது. நூலை ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பாகு நன்றாக ஆறிய பிறகு இறக்குங்கள். 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைத்தான் கரைத்து வைத்திருக்கும். கொதிநிலையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆறும்போது தண்ணீரால் தாங்க முடியாத அந்த மிகுதிதான் படிகமாகிறது. தினமும் தூக்கிப் பார்க்கவும் விடாதீர்கள்.

இன்னொன்று: சர்க்கரை செடியில் உண்டாவது, கனிமம் ஆகாது. தேர்வில் யாராவது அப்படி எழுதிவிடப் போகிறார்கள்.

கேட்டவர்: ஏழாம் வகுப்பு ஆசிரியை

இருவருக்கும் நன்றி. வெர்னர் என்ற பெரிய பேராசிரியரும் உன்னைப்போலவே நினைத்தார் என்றதும் அந்தப் பெண் அவர் பெயரைக் குறிப்பேட்டின் அட்டையிலேயே எழுதிக்கொண்டாள். பாளத்தைத் துணியில் சுற்றி, பேசாமல் இருந்த பையனிடமே சுத்தியலைக் கொடுத்தேன். உடைந்த பக்கத்தையும் கிரானைட் துண்டையும் கைலென்ஸ் வைத்து மாறி மாறிப் பார்த்தார்கள். "இரண்டிலும் ஒன்றுக்குக்கூட முழு முகம் இல்லை டீச்சர்" என்றாள் அவள்.

"ஒன்று இருக்கிறது" என்றான் பையன். பாளத்தின் ஓரத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு பொத்தல். அதற்குள் மட்டும் கூரிய விளிம்புகளோடு நாலைந்து படிகங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கிரானைட்டிலும் இப்படிப் பொத்தல் உண்டா என்று கேட்கிறான். உண்டா?

பதில் 3: பாறையியல் படித்தவர்

உண்டு! மியரோலிடிக் குழிகள் என்று பெயர். மாக்மா பெரும்பாலும் இறுகிய பிறகு, அதில் கரைந்திருந்த நீர் பிரிந்து தேங்கும் இடங்கள் அவை. அங்கே குவார்ட்ஸும், கிரானைட்டின் இன்னொரு கனிமமான ஃபெல்ட்ஸ்பாரும் முழு முகத்தோடு, அந்தச் சூடான நீரிலிருந்தே வளர்கின்றன. உங்கள் மாணவியிடமும் சொல்லிவிடுங்கள்: கிரானைட்டின் அந்தச் சின்னக் குழிகளில் மட்டும் அவள் கேட்டதற்கு ஆம் என்பதே பதில்.