ஒரே சேம்பர், இரண்டு கேஜ், இரண்டு ரீடிங்: 10⁻¹⁰ மில்லிபாரில் எதை நம்புவது?

ஒற்றியூர்ப் பட்டறை:
வணக்கம். பழைய வேக்குவம் சேம்பர்களைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டிக் கொடுப்பது எங்கள் வேலை, திருவொற்றியூரில் பட்டறை. இப்போது கையில் இருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேம்பர், 150 டிகிரியில் இரண்டு நாள் பேக் செய்து ஆறவிட்டாயிற்று, அயான் பம்ப் ஓடுகிறது. கண்ணாடிக் குழாய் வைத்த பழைய அயனைசேஷன் கேஜ் (அழுத்தமானி) 5×10⁻¹⁰ மில்லிபார் காட்டுகிறது, சேம்பருக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும் நியூட் கேஜ் 2×10⁻¹⁰. அதுவும் நிலையாக நிற்பதில்லை. மதியம் கடல்காற்று எழுந்தால் ஏறுகிறது, ராத்திரி ஏசி போட்டு மூடி வைத்தால் இறங்குகிறது. ஹீலியம் விட்டுப் பார்த்தேன், லீக் இல்லை. வாடிக்கையாளருக்கு எந்த எண்ணை எழுதித் தருவது? தப்பான எண்ணைக் கொடுக்க மனசு வரவில்லை.

பெரம்பூர்க்காரன்:
தம்பி, கடல்காற்று என்று எழுதினீர்களே, முதலில் அங்கேதான் கை வைக்க வேண்டும். கேஜ் அழுத்தத்தை நேராக அளப்பதில்லை. சூடான ஃபிலமென்ட் விடும் எலக்ட்ரான்களை கிரிட் என்ற கம்பி வலை இழுக்கும், வழியில் அவை வாயுவில் மோதி அயனிகளை உண்டாக்கும், கலெக்டர் கம்பியில் வந்து விழும் அந்த அயனிகளின் கரண்டைத்தான் கேஜ் அளக்கிறது. சென்சிட்டிவிட்டி (கேஜின் உணர்வு எண்) மில்லிபாருக்கு 7.5, எமிஷன் (ஃபிலமென்ட் விடும் எலக்ட்ரான் கரண்ட்) 4 மில்லி ஆம்பியர் என்று வைத்தால், மூன்றையும் பெருக்கி 2×10⁻¹⁰-க்கு வருவது வெறும் 6 பிக்கோ ஆம்பியர். கம்பிகளைச் சேம்பருக்குள் கொண்டுபோகும் ஃபீட்த்ரூ பீங்கானின் வெளிப்பக்கம் உப்பும் ஈரமும் படிந்திருந்தால் கிரிட்டின் 180 வோல்ட் அதன் மேலேயே ஊர்ந்து கலெக்டருக்கு வந்துவிடும், நம் பக்கத்தில் இது சர்வ சாதாரணம். ஃபிலமென்டை மட்டும் அணைத்து, கிரிட் வோல்டேஜை விட்டுவைத்து, கலெக்டரில் என்ன கரண்ட் மிச்சம் இருக்கிறது என்று எலக்ட்ரோமீட்டரில் பாருங்கள். அதற்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. கன்ட்ரோலரை முழுக்க அணைத்த பிறகு கேபிளைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, உலர்ந்த நைட்ரஜன் ஊதுங்கள். அப்புறம் கேபிள் ஆடாமல் கட்டி வையுங்கள், ஆடினாலே பிக்கோ ஆம்பியர் கிளம்பும்.

கத்திவாக்கம்:
அண்ணா சொன்னது நியூட் கேஜுக்கு. கண்ணாடி கேஜின் கதை வேறு. எலக்ட்ரான் கிரிட்டில் மோதும்போது மெல்லிய எக்ஸ்ரே கிளம்பும், அது கலெக்டரில் பட்டு எலக்ட்ரானை உதைத்து வெளியே தள்ளும். மீட்டருக்கு அதுவும் அயனி வந்த மாதிரியே தெரியும். இதனால்தான் அந்தக் காலத்து டிரையோடு கேஜ்கள் 10⁻⁸ பக்கமே முட்டி நின்றன. 1950-ல் பேயார்டும் ஆல்பர்ட்டும் ஃபிலமென்டை வெளியே வைத்து, கலெக்டரை நடுவில் ஒரு மெல்லிய கம்பியாக்கிய பிறகுதான் கீழே இறங்க முடிந்தது. கண்ணாடி கேஜ் பலவற்றுக்கு இன்றும் அந்தத் தரை, அதாவது எக்ஸ்ரேயால் அதற்குக் கீழே காட்ட முடியாத அளவு, 3×10⁻¹⁰ முதல் 4×10⁻¹⁰ வரை. அப்படிப் பார்த்தால் உங்கள் 5-ல் பெரும்பகுதி எக்ஸ்ரேதான் என்று எனக்குப் படுகிறது, மீதியில் சூடான கண்ணாடி விடும் வாயுவும் சேர்ந்திருக்கும். எமிஷனைக் குறைத்துப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது, இரண்டு கரண்டும் ஒன்றாகவே குறையும். டைட்டானியத்தை ஆவியாக்கிச் சுவரில் படியவைத்து வாயுவைப் பிடிக்கும் டைட்டானியம் சப்ளிமேஷன் பம்ப் இருக்கிறதா? ஒரு முறை சுட்டு, டைட்டானியம் ஆறிய பிறகு பாருங்கள். அழுத்தம் நிஜமாக இறங்கும்போது எந்த கேஜ் கூடவே இறங்குகிறதோ அதை நம்பலாம்.

கொடுங்கையூர் லேப்:
ஒன்று விட்டுப்போயிற்று. கன்ட்ரோலரில் சென்சிட்டிவிட்டி என்ன போட்டிருக்கிறது? டோர் (அழுத்தத்தின் இன்னொரு அலகு) ஒன்றுக்கு 10 என்பதும் மில்லிபாருக்கு 7.5 என்பதும் ஒன்றேதான். யூனிட்டை மில்லிபாருக்கு மாற்றிவிட்டு 10-ஐ அப்படியே விட்டால் ரீடிங் கால் பங்கு குறைவாகக் காட்டும், இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அந்த எண் நைட்ரஜனுக்கானது. பேக் செய்த ஸ்டீலில் மிஞ்சுவது பெரும்பாலும் ஹைட்ரஜன், அதற்கு இந்த கேஜின் உணர்வு நைட்ரஜனில் 0.46 அளவுதான். ஆக நிஜ அழுத்தம் காட்டுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். துல்லியம் வேண்டுமென்றால், சுழலும் குண்டின் வேகத்தை வாயு குறைப்பதை வைத்து அளக்கும் ஸ்பின்னிங் ரோட்டார் கேஜோடு 10⁻⁶ பக்கம் நைட்ரஜன் விட்டு ஒப்பிட்டு, உங்கள் கேஜின் சென்சிட்டிவிட்டியை நீங்களே கண்டுபிடியுங்கள். ரோட்டார் 10⁻⁷-க்குக் கீழே உதவாது, ஆனால் அயனைசேஷன் கேஜ் அங்கிருந்து கீழே நேர்கோட்டில்தான் போகும்.

ஒற்றியூர்ப் பட்டறை:
எல்லாருக்கும் நன்றி. சென்சிட்டிவிட்டி 7.5 சரியாகத்தான் இருந்தது. ஃபிலமென்டை அணைத்தும் 1.5 பிக்கோ ஆம்பியர் ஓடியது, துடைத்த பிறகு 0.1-க்கு வந்துவிட்டது. நியூட் இப்போது 1.5×10⁻¹⁰, மதியமும் அசையவில்லை. டைட்டானியம் சுட்டதும் அது 0.8-க்கு இறங்கியது, கண்ணாடி கேஜ் 5-லிருந்து 4.4-க்கு வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கத்திவாக்கம் அண்ணா சொன்னதேதான். சீட்டில் "நைட்ரஜன் சமானம் 0.8×10⁻¹⁰, ஹைட்ரஜன் என்று கொண்டால் ஏறக்குறைய 1.7×10⁻¹⁰" என்று இரண்டையும் எழுதப்போகிறேன். ரோட்டார் கேஜ் வாடகைக்கு யாராவது தருவார்களா?