அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தால் வீட்டில் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி:
அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. பக்கவாதம் வந்தால் வாய் கோணும் என்பது வரைதான் தெரியும். வேறு எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஆஸ்பிரின் கொடுக்கலாமா? பிரஷர் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்கள், சரியா?

பதில் (அவசரப் பிரிவு செவிலியர்):
வாய் நேராக இருந்தாலும் பக்கவாதம் இருக்கலாம். சந்தேகம் வந்தால் பல் தெரியச் சிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்க உதடு ஏறாமல் நிற்கும். அடுத்து கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி 10 விநாடி வைக்கட்டும். பலமில்லாத கை சட்டென்று விழ வேண்டும் என்பதில்லை. உள்ளங்கை மெல்ல உள்பக்கம் திரும்பி, கை தானாகத் தாழும். அதைத்தான் கவனிக்க வேண்டும். பிறகு ஒரு சின்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குழறினாலும், நாம் சொல்வது புரியாமல் விழித்தாலும், சம்பந்தமில்லாமல் பேசினாலும் அறிகுறிதான். திடீரென்று நடை தள்ளாடுவது, பார்வை மறைவது, இதுவரை வராத அளவுக்குத் தலைவலி வருவது இவையும் சேர்த்தி. ஒன்று இருந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பதில் (நரம்பியல் மருத்துவர்):
ஆஸ்பிரின் வேண்டாம். ரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்ததா என்று சிடி ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. வெடித்திருந்தால் ஆஸ்பிரின் கசிவைக் கூட்டிவிடும். நாக்குக்கு அடியில் பிரஷர் மாத்திரை வைப்பது அதைவிட மோசம். அடைப்புக்கு அப்பால் உள்ள மூளைப் பகுதி, ஏறிய பிரஷரின் தள்ளலில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரஷரைச் சடாரென்று இறக்கினால் அதுவும் போய்விடும். 200 காட்டினாலும் வீட்டில் கை வைக்காதீர்கள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அது கடைசி நிமிடம்தான். முதல் மணி நேரத்தில் போட்டால் கிடைக்கும் பலன் நான்காவது மணியில் கிடைக்காது.

கேட்டவர்:
நன்றி டாக்டர். காலையில் எழும்போதே கை விளங்காமல் இருந்தால் நேரத்தை எங்கிருந்து கணக்கிடுவது?

பதில் (நரம்பியல் மருத்துவர்):
கடைசியாக நல்லபடியாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து. இரவு 10 மணிக்குப் படுத்தவர் 4 மணிக்குப் பாத்ரூம் போய் ஒழுங்காகப் பேசிவிட்டு வந்தார் என்றால் கணக்கு 4 மணியிலிருந்துதான். அந்த ஒரு தகவலால் ஊசி போட முடிகிற நிலை வரலாம். நேரம் தாண்டினாலும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், ஸ்கேனில் மூளை மீட்கும் நிலையில் தெரிந்தால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அடைத்த ரத்தக்கட்டியைக் கம்பி விட்டு எடுக்க முடியும்.

இன்னொன்று. 10 நிமிடம் வாய் குழறிவிட்டுத் தானாகச் சரியானால் பலர் காபி குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அது பெரிய அடைப்புக்கு முன்னோட்டமாக இருக்கலாம், அடுத்த 48 மணி நேரம்தான் ஆபத்து அதிகம். அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்.

பதில் (அவசரப் பிரிவு செவிலியர்):
வண்டி வரும்வரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட. விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் இதே மாதிரி கை விழும், பேச்சு குழறும். வீட்டில் மீட்டர் இருந்தால் 108-ஐக் கூப்பிட்ட பிறகு பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் வண்டியில் வருபவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் வடிப்பது, புறா ரத்தம் தடவுவது போன்ற கைவைத்தியம் எல்லாம் நேரத்தைத் தின்னும்.

108-ல் பேசும்போதே ‘பக்கவாதம்னு சந்தேகம், சிடி ஸ்கேன் இருக்கிற இடத்துக்குப் போகணும்’ என்று சொல்லுங்கள். பக்கத்து கிளினிக்கில் குளுகோஸ் ஏற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்பதில்தான் ஊசிக்கான நேரம் கரைகிறது. மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால், கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.